ஒரு வண்டியில் 58 பேர்

பெங்களூரில் விவேக் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. புகழ்பெற்ற குழந்தை இயேசு ஆலயமும் அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் ஆலயத்தில் கூட்டம் அலைமோதும்.

அந்த ஆலயத்தின் பக்கத்தில் ஓர் அம்மா மெழுகுவத்தி விற்கிறார். அவருக்கு ஒரே மகன். வயது 19. ஒருநாள் மாலை அவன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் மூன்று நண்பர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

அம்மா பதறிப்போனார். "ஏன்டா, ஒரு வண்டியில நாலு பேரா? விழுந்தா என்னடா ஆகும்?" என்று கேட்டார்.

மகன் சிரித்தான். "மிலிட்டரிக்காரங்க ஒரே வண்டியில 58 பேர் போனாங்க. நாலு பேர் போனா என்னம்மா?" என்றான்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். இராணுவத்தில் லாரி ஓட்டியவர். மகன் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"தம்பி, நீ சொன்னது உண்மைதான். ஆனா பாதிக் கதையைத்தான் சொன்னே. மீதியையும் கேட்டுக்கோ" என்றார். எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவர் சொன்ன கதை இதுதான்.

உணவு கொண்டு போகும் படை

விவேக் நகருக்கு அருகில், அகரம் பகுதியில் ஏ.எஸ்.சி. மையம் இருக்கிறது. ஏ.எஸ்.சி. என்றால் ஆர்மி சர்வீஸ் கோர். இதுவும் நம் இராணுவத்தின் ஒரு பிரிவு. எல்லையில் நிற்கும் வீரர்களுக்கு அரிசி, பருப்பு, கோதுமை மாவு, எண்ணெய் எல்லாம் போய்ச் சேர வேண்டும். வண்டிகளுக்கு டீசல் வேண்டும். இவற்றைக் கொண்டு சேர்ப்பதே ஏ.எஸ்.சி. வீரர்களின் வேலை.

சாலை உள்ள இடங்களுக்கு லாரியில் கொண்டு போவார்கள். சாலை இல்லாத மலைகளில் கோவேறு கழுதைகள் சுமக்கும். 1999இல் கார்கில் போர் நடந்தது. அப்போதும் கோவேறு கழுதைகள் மலைமேல் சுமை ஏற்றிச் சென்றன.

மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். அங்கே வண்டி ஓட்டுபவரின் கை தடுமாறக் கூடாது. கண் அயரக் கூடாது. அதனால்தான் இந்த வீரர்களுக்கு இடைவிடாத பயிற்சி உண்டு. காலையில் ஓட்டமும் உடற்பயிற்சியும். பிறகு வண்டி ஓட்டும் பயிற்சி, பழுது பார்க்கும் பயிற்சி. வரைபடம் பார்த்து வழி அறியவும் கற்பார்கள். மாலையில் விளையாட்டு. உடல் உறுதியும் கூடி உழைக்கும் பழக்கமும் விளையாட்டால் வளரும்.

சூறாவளிக் குழு

ஏ.எஸ்.சி. வீரர்களின் மோட்டார் சைக்கிள் சாகசக் குழு 1982இல் தொடங்கியது. அதன் பெயர் டொர்னேடோஸ். டொர்னேடோ என்றால் சூறாவளி.

2017ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் இந்தக் குழு ஓர் உலக சாதனை செய்தது. பெங்களூரின் வடக்கே எலகங்கா விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே 500 சி.சி. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றில் 58 வீரர்கள் ஏறினார்கள். வண்டியை ஓட்டியவர் சுபேதார் ராம்பால் யாதவ். குழுவின் தலைவர் மேஜர் பன்னி சர்மா. வண்டி 1,200 மீட்டர் தூரம் ஓடியது. இது 1 கிலோமீட்டர் 200 மீட்டர். கின்னஸ் உலக சாதனையாக இது பதிவானது.

எப்படி முடிந்தது?

ஓர் ஆளின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 58 பேருக்கு 3,480 கிலோ. ஏறக்குறைய மூன்றரை டன். ஒரு லாரியில் ஏற்றும் சுமை இது. இரண்டு சக்கரங்கள் அதைத் தாங்கின.

வீரர்கள் நிற்க வண்டியைச் சுற்றிச் சட்டம் பொருத்தியிருந்தார்கள். ஆனால் சட்டம் மட்டும் போதாது. தராசுத் தட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் சாய்ந்துவிடும். அதுபோல வண்டியின் இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். யார் எந்த இடத்தில் நிற்பது, யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறாக அசைந்தால் 58 பேரும் விழுவார்கள்.

வண்டி புறப்படும் நேரம்தான் மிகவும் கடினம். சைக்கிள் பழகியவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போனால் சைக்கிள் ஆடும். வேகம் பிடித்த பிறகு ஆடாமல் ஓடும். இதையெல்லாம் வீரர்கள் மாதக் கணக்கில் பழகினார்கள். சாதனை செய்த இடமும் பொதுச் சாலை அல்ல. அங்கே குறுக்கே பேருந்து வராது. குழந்தைகள் ஓடி வர மாட்டார்கள்.

மகன் என்ன செய்தான்?

ஹவில்தார் கதையை முடித்தார். பிறகு மகனைப் பார்த்து, "அவங்க பழகி ஏறினாங்க. நீங்க பழகாம ஏறினீங்க. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்" என்றார்.

மகன் தலை குனிந்தான். இரு சக்கர வண்டியில் ஓட்டுபவரும் பின்னால் ஒருவரும் மட்டுமே போகலாம். இதுதான் சட்டம். இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். இது அவனுக்கும் தெரிந்ததுதான்.

அன்று இரவு நண்பர்களில் இருவர் பேருந்தில் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் மகன் இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தான். ஒன்று அவனுக்கு. மற்றொன்று அம்மாவுக்கு. வியாழக்கிழமை காலை அம்மாவையும் மெழுகுவத்திப் பையையும் ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்கு மெதுவாக வண்டி ஓட்டினான்.

படித்தோம், பதில் சொல்வோம்

1. ஏ.எஸ்.சி. வீரர்களின் வேலை என்ன?
2. வண்டியின் இரு பக்கமும் எடை ஏன் சமமாக இருக்க வேண்டும்?
3. ஓர் ஆளின் எடை 70 கிலோ என்றால் 58 பேரின் எடை எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் யார்? அவரிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.