400 வெள்ளி வண்டியும் 1,500 வெள்ளி வண்டியும்

சிங்கப்பூரில் குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு வரிசைகளைக் காட்டுவார். 300, 400 வெள்ளிக்குக் கிடைப்பவை ஒரு பக்கம். 1,200 வெள்ளியில் தொடங்கி 2,000 வரைக்கும் போகிறவை இன்னொரு பக்கம். தலைச்சன் பிள்ளை, கையில் கொஞ்சம் சேமிப்பு, ‘பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது’ என்கிற மனசு. மூன்றும் சேர்ந்தால் கால்கள் தானாகவே இரண்டாவது வரிசைக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் இருப்பது 400 வெள்ளி வண்டி. என் அண்ணி, அதாவது கணவரின் அக்கா, வீட்டில் 1,500 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி. பிள்ளைகள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நாங்கள் தோ பாயோவில், அண்ணி பொங்கோலில். ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கும்போதெல்லாம் அங்கே இருக்கிற வண்டியைத்தான் தள்ளுவோம். அதனால் இரண்டையும் நன்றாகப் பழகிய கை என்னுடையது. யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “வீட்டு வாசலிலிருந்து தினமும் எங்கே போவீர்கள்?”

கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்போம். பெரிய சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கி, ஆடாத உறுதியான சட்டகம், உயரமான இருக்கை, பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்கத் தனித் தொட்டில், தோல் சுற்றிய கைப்பிடி. எல்லாமே நல்ல விஷயங்கள். ஆனால் பாதுகாப்புக்குத்தான் அந்தப் பணம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஐரோப்பியத் தரமான இஎன் 1888 முத்திரை இரண்டு விலையிலும் கிடைக்கிறது. தோள், இடுப்பு, தொடையிடுக்கு என்று ஐந்து முனைகளில் பூட்டும் வார்ப்பட்டையும் இரண்டிலும் உண்டு. பெயர்பெற்ற மெக்லாரன் நிறுவனமே 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. மடக்கும் கீலில் பிள்ளைகளின் விரல் நுனி சிக்கித் துண்டான சம்பவங்கள்தான் காரணம். எந்த விலை வண்டியானாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை கைக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

பலரும் எதிர்பார்க்காத விஷயம் எடை. விலை கூடினால் வண்டி இலேசாகும் என்று நினைக்கிறோம். முழு அளவு உயர்விலை வண்டிகள் பெரும்பாலும் பத்துக் கிலோவைத் தொடும், சில தாண்டும். பெரிய சக்கரமும் கெட்டியான சட்டகமும் எடை இல்லாமல் வராது. நெதர்லாந்தில் 1999-இல் தொடங்கிய பகாபூ போன்ற நிறுவனங்கள் நகரத் தெருவிலும் காட்டுப் பாதையிலும் ஒரே வண்டி ஓட வேண்டும் என்று யோசித்து வடிவமைத்தவை. கல் பாவிய தெருவும் பனிச்சேறும் உள்ள ஊருக்கு அது தேவைதான். நம் புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் கூரை போட்ட நடைபாதை, வழவழப்பான சிமெண்டுத் தரை. அங்கே ஆறேழு கிலோ வண்டியே சொன்ன பேச்சைக் கேட்கும்.

எடை எப்போது உறைக்கும் என்றால், தூக்கும்போது. பழைய வீவக புளோக்குகள் சிலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒரு தோளில் பிள்ளை, மறுகையில் வண்டி என்று அரை மாடி இறங்கிப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான். தேக்காவிலும் இதே கதை. சிராங்கூன் சாலை ஐந்தடிப் பாதையில் ஒரு கடைவாசல் உயரம் அடுத்த கடைவாசலுக்கு இருக்காது. பூக்கடையைத் தாண்டினால் ஒரு படி, நகைக்கடை முன்னால் இன்னொரு படி. அண்ணியின் வண்டி படியில் ஏறுவதற்கு அருமையாக இருக்கும், பெரிய பின்சக்கரம் தானே ஏறிவிடும். ஆனால் தீபாவளிக் கூட்டத்தில் அந்த அகலத்தோடு நெளிந்து போவதற்குள் வேர்த்துவிடும். என் வண்டியைப் படியில் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆனால் மளிகைக் கடை வரிசைகளுக்குள் எளிதாக நுழைந்து வெளியே வந்துவிடும்.

பேருந்தும் அப்படித்தான். 2017 ஏப்ரலிலிருந்து தள்ளுவண்டியை மடக்காமலே பேருந்தில் ஏற்றலாம். பெரிய உதவி அது. ஆனால் வண்டி நிறுத்தும் இடம் சக்கர நாற்காலிக்கானது. அதில் வருபவர் ஏறினால் நாம் மடக்கி இடம் கொடுக்க வேண்டும், கொடுப்பதுதான் முறை. அந்த நேரத்தில் ஒரு கையால் மடக்க முடிகிற வண்டி இருந்தால் பதற்றமே இல்லை. இருக்கையைத் தனியே கழற்றி, சட்டகத்தைத் தனியே மடக்கும் வகையானால், பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். உயர்விலை வண்டிகள் சிலவற்றில் இந்தச் சிக்கல் இருக்கிறது. கடையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

இனி வண்டியைத் தள்ளப்போகிறவர் யார் என்ற கேள்வி. நான் வேலைக்குத் திரும்பியதும் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அண்ணி வீட்டு வண்டியை அம்மா கையில் கொடுத்தபோது அவர் பார்த்த முதல் விஷயம் பிரேக். அதைப் போட மிதிக்க வேண்டும், எடுக்கக் கால் விரலால் மேலே தூக்க வேண்டும்.

“இது என்னடி, பெடலை விரலால தூக்கணுமா? செருப்புப் போட்ட கால்ல நகம் பேந்துடாதா?”

சரியான கேள்வி. நம்மில் பெரும்பாலோர் கீழே இறங்குவது ரப்பர் செருப்போடுதான். ஒரு மிதிக்கு விழுந்து, மறு மிதிக்கு விடுபடும் பிரேக் பல வண்டிகளில் வருகிறது. என்னுடையதில் அதுதான். அம்மா எந்தத் தயக்கமும் இல்லாமல் காப்பிக்கடை வரைக்கும் பேரனைத் தள்ளிக்கொண்டு போய்வந்தார். தாத்தா பாட்டியோ பணிப்பெண்ணோ தள்ளுவதாக இருந்தால், அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் கைக்கு எது வாகோ அதுதான் உங்கள் வண்டி.

அண்ணி செலவழித்தது வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் தினமும் காலையில் பொங்கோல் நீர்வழிப் பூங்கா ஓரமாக நெடுந்தூரம் நடக்கிறவர். புல், சரளை, மரப்பலகைப் பாதை எல்லாம் மாறி மாறி வரும். அங்கே என் வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். சின்ன முன்சக்கரங்கள் பலகை இடுக்கில் திரும்பித் திரும்பி மாட்டின, பிள்ளையின் தலை அதிர்ந்துகொண்டே இருந்தது. அதே பாதையில் அண்ணியின் வண்டியில் பிள்ளை அயர்ந்து தூங்கினான். தினமும் ஒரு மணி நேரம் கரடுமுரடான பாதையில் நடப்பவர், கைப்பிடி தாழ்வாக இருப்பதால் குனிந்து தள்ள வேண்டிய உயரமானவர், அடுத்த பிள்ளைக்கும் அதே வண்டியை வைத்துக்கொள்ள நினைப்பவர், இவர்களுக்கு உயர்விலை வண்டி கொடுத்த காசுக்கு உழைக்கும்.

விலையைப் பொருட்படுத்தாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிறந்த குழந்தைக்கு இருக்கை முழுக்கத் தட்டையாகச் சாய வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்தால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்கு இடைஞ்சலாகும். நம் வெயிலுக்கு முதுகுப் பக்கம் வலைத்துணி இருப்பது நல்லது. வெயில் படுகிறதே என்று வண்டியைத் துணியால் மூடிவிடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும். அடுத்தது பூஞ்சணம். மழையில் நனைந்த வண்டியை மடக்கி வாசலோரம் வைத்தால், இந்த ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே துணியில் கறுப்புப் புள்ளி விழும். மொத்த உறையையும் கழற்றித் துவைக்க முடிகிற வண்டியை மட்டும் வாங்குங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கடையில் காலி வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை, காலி வண்டி எல்லாமே மிதக்கும். பத்துக் கிலோ எடை ஏதாவது வைக்கச் சொல்லுங்கள், ஐந்து கிலோ அரிசிப்பை இரண்டு இருந்தாலும் போதும். ஒரு கையால் திருப்புங்கள். பிறகு எடையை எடுத்துவிட்டு, ஒரு கையால் மடக்கித் தூக்குங்கள். கைப்பிடியில் சாமான் பை மாட்டும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். பிள்ளையை இறக்கியதும் வண்டி பின்பக்கமாகச் சாயும். பிள்ளை உள்ளே இருக்கும்போதே சாய்வதும் உண்டு.

உயர்விலை வண்டிதான் வேண்டும், கையில் அவ்வளவு இல்லை என்றால் பழையதாக வாங்கலாம். நல்ல நிலையில் நிறையக் கிடைக்கின்றன. சக்கரம், பிரேக், வார்ப்பூட்டு, கீல் நான்கையும் நேரில் பார்த்து வாங்குங்கள். கார் இருக்கையை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே தெரியாது.

என் முடிவு இது. வீவக வீடு, எம்ஆர்டி, பேருந்து, தேக்கா, பேரங்காடி என்று போகும் குடும்பத்துக்கு 400 வெள்ளி வண்டி தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் முதலில் நல்ல கார் இருக்கை வாங்குங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குக் காரில் தகுந்த இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது.