இரண்டாம் சனி, நான்காம் சனி

கோவாவில் மிராமார் கடற்கரையை ஒட்டிய சாலையோரம் என் மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் ஒரு கடலை உருண்டை. சென்னையிலிருந்து டப்பாவில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தது. வெயிலில் வெல்லம் இளகி விரல்களில் ஒட்டியிருந்தது. நான் அதற்குள் கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஓட்டத்தில் 14 கிலோமீட்டரைக் கடந்திருந்தேன். இன்னும் ஏழு மிச்சம். "வேண்டாம்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அவள் முகம் வாடியது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமிருந்து உணவோ தண்ணீரோ வாங்கக் கூடாது. வழியில் போட்டி நடத்துபவர்கள் மேசை போட்டு வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் வெளி உதவி, தண்டனைக்குரியது. பெற்ற மகள் கொடுத்தாலும் அப்படித்தான். இதைப் பல மாதங்களுக்கு முன்பே நான் படித்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பயிற்சியில் செய்த எத்தனையோ பிழைகளை மறந்துவிட்டேன், இது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

36 வயதுவரை எனக்கு நீச்சல் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவள் நான். அண்ணன்கள் மதகிலிருந்து குதிப்பார்கள். நான் படித்துறையில் உட்கார்ந்து அவர்கள் துணிகளுக்குக் காவல் இருப்பேன். கல்யாணமாகி, வங்கி வேலையில் சேர்ந்து, மகள் பிறந்து, உடம்பு கனத்து, டாக்டர் நடக்கச் சொன்னதில் தொடங்கி மெல்ல ஓட ஆரம்பித்தேன். முழங்கால் வலித்தபோது "கொஞ்ச நாள் நீச்சல் போங்க" என்றார்கள். அப்போதுதான் அந்தப் படித்துறை நினைவுக்கு வந்தது.

எங்கள் பகுதிக் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், சரியாக இட்லிப் பானை அடுப்பில் இருக்கும் நேரம். நம் ஊரில் நிறையப் பெண்கள் நீச்சல் கற்காமல் போவதற்கு இந்த ஒரு மணி நேரம் போதும். வெட்கம், உடை, ஊர்ப்பேச்சு என்று பல காரணம் சொல்வார்கள். என் அனுபவத்தில் முதல் தடை அடுப்பு. என் கணவர், "அந்த ஒரு மணி நேரத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்ன நாளில்தான் நான் தண்ணீரில் இறங்கினேன்.

சொல்லிக்கொடுத்த மேடம் முதல் வாரம் முழுக்க நீந்தவே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட வேண்டும். "உள்ளேயும் மூச்சைப் பிடிச்சுக்கிறே, வெளியே வந்தும் பிடிச்சுக்கிறே. உள்ளே விடு, வெளியே இழு" என்பார். வயது வந்து கற்கிறவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். காற்று நெஞ்சில் அடைபட்டதும் பயம் வரும். பயம் வந்ததும் தலை தூக்கும். தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். அப்புறம் எவ்வளவு கை வீசினாலும் நகர முடியாது. எனக்கு 25 மீட்டர் போக மூன்று மாதம் பிடித்தது. அதன் பிறகு 400 மீட்டர் வந்தது தானாக வந்தது போலத்தான் இருந்தது.

குளம் வேறு, கடல் வேறு. குளத்தின் அடியில் நேராகக் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கோவளத்தில் முதன்முதலாக அலை உடையும் இடத்தைத் தாண்டி முகத்தை உள்ளே வைத்தபோது, பச்சையும் பழுப்புமான கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூச்சு முட்டியது. கூட வந்த மீனவத் தம்பி பலகையில் படுத்தபடி, "அக்கா, மல்லாந்து படுங்க, கடலே தாங்கும்" என்றான். இரண்டு நிமிடம் மல்லாந்து கிடந்தேன். வானம் தெரிந்ததும் மூச்சு இறங்கியது. போட்டியில் பயம் வந்தாலும் அதையே செய்யலாம். மிதக்கலாம், பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதை உந்திக்கொண்டு முன்னேறாதவரை தவறில்லை.

அந்தத் தம்பியிடம் கற்றவை ஏராளம். இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று, மிதக்கிற தேங்காய் மட்டை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொல்வான். நீரோட்டம் வடக்கே இழுத்தால் தெற்கே தள்ளிப்போய் இறங்க வேண்டும். ஆறேழு முறை கை வீசியதும் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கரையில் உயரமான ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொறி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, கடல்நீரால் கழுவ வேண்டும். துணையில்லாமல் கடலில் இறங்கவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்னைக் கரையில் வருடாவருடம் எத்தனை பிள்ளைகளைக் கடல் கொண்டுபோகிறது என்பது நமக்குத் தெரியும்.

சைக்கிளுக்கு வருகிறேன். 90 கிலோமீட்டர் மிதிக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். வங்கியில் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் மட்டுமே விடுமுறை. ஞாயிறு வீட்டுக்கு. ஆகவே மாதத்தில் இரண்டே நாள்தான் நீண்ட சவாரி. மற்ற நாட்களில் மொட்டை மாடியில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி ஒரு மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் எட்டு, ஒன்பது மணி நேரப் பயிற்சிதான் என்னால் முடிந்தது. இதைவிடக் கூடுதலாகச் செய்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேகமாகவும் முடிக்கிறார்கள். ஆனால் 70.3 என்று சொல்லப்படும் இந்த அரை தூரப் போட்டியை எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க இது போதும். 70.3 என்பது மொத்த தூரம், மைல் கணக்கில். நம் கணக்கில் 113 கிலோமீட்டர்.

விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம்வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்த 90. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும், 30 கிலோமீட்டர் வேகம் சுலபமாக வரும். அந்தச் சந்தோஷத்தில் காலைச் செலவழித்துவிட்டால், திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தின் மேல் காற்று முகத்தில் அறையும், வேகம் பாதியாகிவிடும். போகும்போது மிச்சம் பிடிக்க வேண்டும். ஓரத்தில் மணல், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், ஐந்து மணிக்கு விழித்துக்கொள்ளும் நாய்கள் எல்லாம் இருக்கின்றன. பின்விளக்கு இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல் யாரும் வர வேண்டாம். பெண்கள் குழுவாக வாருங்கள். பஞ்சரான டியூபை மாற்ற வீட்டுக் கூடத்திலேயே பத்து முறை பழகிவிட்டு வாருங்கள். முட்டுக்காட்டில் இருட்டில் நிற்கும்போது டயர் லிவரை எந்தப் பக்கம் நுழைப்பது என்று யோசிக்கக் கூடாது.

வெளியூர்ப் போட்டிக்குச் சைக்கிளைப் பெட்டியில் அடைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இடது பெடலின் மரை தலைகீழானது. வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும்.

உணவு விஷயத்தில் நான் பட்டது பெரிய பாடம். ஒரு மே மாதச் சவாரியில், வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீராகவே நான்கு லிட்டருக்கு மேல் குடித்துவிட்டேன். வீடு வந்தபோது தலை பிளந்தது, குமட்டியது. விரல்கள் வீங்கி மோதிரம் கழலவில்லை. நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு டம்ளர் குடித்தேன். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் இறங்கியிருந்தது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, நான் வெறும் தண்ணீரை ஊற்றி மிச்ச உப்பையும் நீர்க்கவைத்திருக்கிறேன். உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது என்றார் டாக்டர்.

அதன் பிறகு கணக்குப் போட்டுக் குடிக்கிறேன். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். 1.1 கிலோ குறைந்திருந்தது. நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக ஒரு மணி நேரத்தில் எனக்கு 1.4 லிட்டர் வியர்க்கிறது. அத்தனையையும் திருப்பி ஊற்ற வயிறு இடம் தராது. மணிக்கு 600, 700 மில்லி, அதுவும் உப்போடு. மாவுச்சத்து மணிக்கு 60 கிராம் அளவில் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து சொல்லும் பொதுவான கணக்கு. கடைகளில் விற்கும் ஜெல் எனக்கு விலையாலும் ஒத்துவரவில்லை, வயிற்றாலும் ஒத்துவரவில்லை. என் அத்தைதான், "பானகம் கரைச்சு எடுத்துட்டுப் போயேன்" என்றார். ஒரு லிட்டரில் 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்கு. துணியில் வடிகட்டாவிட்டால் வெல்ல மண் பாட்டில் வாயை அடைத்துவிடும். வெயிலில் வெகுநேரம் கிடந்தால் நுரைத்துப் புளித்துப்போகும், அதனால் இரண்டாவது பாட்டிலை உறையவைத்து எடுத்துப்போகிறேன். வெல்லம் எல்லார் வயிற்றுக்கும் சேராது. போட்டிக்கு முன் பத்து தடவையாவது பயிற்சியில் குடித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. ஒரு வருடம் நான் எவ்வளவு பயிற்சி செய்தும் வேகம் கூடவே இல்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.8. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. காலணி வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைக் காபியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

அத்தைக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த ஓட்டம்?" என்பார். ஒருநாள் மகள் அவருக்கு அமெரிக்காவின் டிக் ஹோய்ட்டையும் அவர் மகன் ரிக்கையும் காணொளியில் காட்டினாள். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகனைத் தந்தை ரப்பர் படகில் வைத்துத் தன் உடம்போடு கட்டி இழுத்து நீந்துகிறார், சைக்கிளின் முன்னிருக்கையில் வைத்து மிதிக்கிறார், சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். 1989ல் ஹவாய் அயர்ன்மேன் டிரையத்லானின் முழு தூரத்தையும் அப்படியே முடித்தார்கள், 226 கிலோமீட்டர். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். அடுத்த ஞாயிறு எங்களோடு கடற்கரைக்கு வந்தார்.

எங்கள் ஞாயிறு எலியட்ஸ் கடற்கரையில், காலை ஐந்தே முக்காலுக்கு. கணவர் ஐந்து கிலோமீட்டர் ஓடுவார். மகள் பிடித்தவரை ஓடுவாள், பிடிக்காதபோது உட்கார்ந்து சங்கு பொறுக்குவாள். அத்தை நடப்பார். அன்று நான் கடிகாரம் கட்டுவதில்லை. மகளைத் தூரம் கூட்டச் சொல்வதுமில்லை. வளரும் பிள்ளைக்கு ஓட்டம் விளையாட்டாக இருந்தால் போதும். முடிந்ததும் கம்பங்கூழும் மோர்மிளகாயும். பயிற்சி அட்டவணை எழுதும்போது நான் முதலில் நிரப்புவது இந்தக் கட்டத்தை. அடுத்தது மகளின் பரீட்சை, ஊர்த் திருவிழா, கணவரின் இரவுப்பணி. நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் மிச்சக் கட்டங்களில்.

கோவாவில் நான் முடித்தது 7 மணி 38 நிமிடத்தில். மகள் கூட்டத்துக்குப் பின்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டப்பாவில் இருந்த கடலை உருண்டையை வாங்கி அங்கேயே தின்றேன். விதியை அப்போதுதான் சொன்னேன். "அப்ப நான் வெளியாளாம்மா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும் விதிப் புத்தகத்தை முதலில் படிப்பவள் அவள்தான். ஹெல்மெட் வார் பூட்டாமல் சைக்கிளைத் தொடக் கூடாது, முன்னால் போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

இந்த வருடம் அத்தையும் பெண்கள் நேரத்தில் குளத்துக்கு வருகிறார். அவருக்கு 66 வயது. இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுகிறார். உங்கள் வீட்டிலும் படித்துறையில் துணிக்குக் காவல் இருந்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் குளத்தில் பெண்களுக்கான நேரம் எது என்று விசாரியுங்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.