'சூரரைப் போற்று' கேப்டனும் பத்து வருட ராணுவ வேலையும்

'சூரரைப் போற்று' படத்தை ஹாஸ்டல் லேப்டாப்பில் ரெண்டு தடவையாவது பார்த்திருப்பீங்க. படத்தில் மாறன் விமானப்படை ஆள். நிஜத்தில் அந்தக் கதைக்கு மூலமான கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் தரைப்படை அதிகாரி, கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்துக்காரர். எட்டு வருட சேவைக்குப் பிறகு 28 வயதில் வெளியே வந்துவிட்டார்.

வந்ததும் விமானக் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. ஹேமாவதி அணையில் மூழ்கிய குடும்ப நிலத்துக்குப் பதிலாக அரசு கொடுத்த தரிசில் கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் பார்த்தார். பட்டுப்புழு வளர்ப்பில் செய்த புதுமைக்கு 1996-ல் ரோலெக்ஸ் விருது வந்தது. அதற்கப்புறம் ஹெலிகாப்டர் கம்பெனி. ஏர் டெக்கான் பறந்தது 2003-ல்தான்.

"மிலிட்டரி போனா டிசிப்ளின் வரும்"னு வீட்டில் சொல்வாங்க. டிசிப்ளின் மட்டும்னா நம்ம வார்டனே போதுமே! அந்தப் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழக்குவது வேற விஷயம்: பாதித் தகவல்தான் இருக்கு, நேரம் இல்லை, கூட இருக்கிற ஆட்களை வைத்து இப்பவே முடிவெடு. எஸ்எஸ்பி தேர்விலேயே இது தொடங்கிவிடும். 60 சூழ்நிலைகள், 30 நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷத்தில் என்ன செய்வாய் என்று எழுதணும். இப்படிப் பழகினவருக்கு ஒன்றுமில்லாத தரிசில் கூடாரம் அடிப்பது அவ்வளவு புதுசா இருந்திருக்காது என்பது என் ஊகம். ஹெலிகாப்டர் தொழிலுக்குப் பார்ட்னராக வந்ததும் ராணுவக் காலத்து நண்பர்தான், கேப்டன் கே.ஜே.சாமுவேல்.

ராணுவம் சொல்லித்தராதது ஒன்று உண்டு: விலை. அங்கே டீசல் சப்ளையில் வந்துவிடும். ஒரு லிட்டருக்கு எத்தனை ரூபாய் சம்பாதித்தோம் என்று இளம் அதிகாரியை யாரும் கேட்பதில்லை. விமானக் கம்பெனியிலோ எரிபொருள் பில்தான் ஆளை விழுங்கும். டிக்கெட்டை மலிவாக்கி வேகமாக வளர்ந்த ஏர் டெக்கான் நஷ்டத்தில் சிக்கி, 2007-ல் விஜய் மல்லையா குழுமத்தின் கைக்குப் போனது. பழியை முழுக்கப் பயிற்சி மேல் போட முடியாது. வாங்கிய கிங்ஃபிஷரே 2012-ல் நின்றுபோச்சு.

சரி, உங்க கணக்குக்கு வருவோம். பரங்கிமலை ஓடிஏவில் சுமார் 49 வாரப் பயிற்சி, பிறகு ஷார்ட் சர்வீஸில் 10 வருடம். விரும்பினால் இன்னும் 4 வருடம் நீட்டிக்கலாம். அதிகாரிகளுக்குப் பென்ஷன் கிடைக்க 20 வருட சேவை வேணும். ஆக, இதில் பென்ஷன் இல்லை. 33 வயது வாக்கில் வெளியே வருவீங்க. அதற்குள் உங்க கிளாஸ்மேட் பத்து வருஷம் கோடு எழுதியிருப்பான். அவனோடு அதே வேலைக்கு மோதுவது வீண். ஆபரேஷன்ஸ், சப்ளை செயின், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போனால் நீங்கதான் சீனியர். வெளியே வரும் அதிகாரிகளுக்காக ஐஐஎம்களில் ஆறு மாதப் படிப்பும் நடக்கிறது. விலை, லாபம், கணக்கை அங்கே பிடிச்சுக்கலாம்.

ரெஸ்யூமேயில் 'பிளட்டூன் கமாண்டர்' என்று மட்டும் போட்டால் ஹெச்ஆருக்குப் புரியாது. முப்பது பேருக்கு மேல் நடத்தினேன், இத்தனை வண்டி, இத்தனை லட்ச ரூபாய் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது என்று எழுதணும்.

என்சிசியில் இருக்கிறவங்க 'சி' சர்டிபிகேட்டை விட்டுடாதீங்க. அதில் 'பி' கிரேடாவது இருந்து, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்எஸ்பிக்கு விண்ணப்பிக்கலாம்.