சேம அச்சும் சுமைதாங்கியும்

கற்றல் நோக்கங்கள்
• நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் சரக்கு வண்டிகளுக்கு உதவி கிடைக்கும் முறையை அறிதல்
• வழிப்போக்கர்க்கு உதவுதல் தமிழரின் பழைய அறம் என்பதை உணர்தல்

பழைய வழியும் பழைய உதவியும்

கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற வணிகர், பண்டைத் தமிழகத்தில் உமணர் எனப்பட்டனர். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆகவே மற்றோர் அச்சையும் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். தகடூர் மன்னன் அதியமானின் மகனாகிய பொகுட்டெழினியை ஔவையார் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியுள்ளார். அது புறநானூற்றின் 102ஆம் பாடலாகும். இன்று லாரியின் அடியில் நாம் காணும் ஸ்டெப்னிச் சக்கரம் அதே முன்னெச்சரிக்கையின் இக்கால வடிவமே.

தலைச்சுமையுடன் நடந்து சென்றவர்க்கு வேறோர் உதவி இருந்தது. ஊர்ப்புறச் சாலைகளில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். அதுவே சுமைதாங்கி. தனியே செல்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறலாம். பின்பு தாமே எடுத்துச் செல்லலாம்.

பயணி தன்னுடன் கொண்டு செல்லும் காப்பு சேம அச்சு. ஊரார் வழியில் அமைத்துத் தரும் காப்பு சுமைதாங்கி. இவ்விரண்டும் இன்றைய நெடுஞ்சாலைக்கும் தேவை.

நம் வட்டாரச் சாலைகள்

கோலார் தங்கவயலுக்கு வடக்கே கோலார், முல்பாகல் வழியாக 75ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. ஒசகோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் வரை சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை மாலூர், பங்காரப்பேட்டை, பேத்தமங்கலா ஆகிய ஊர்களின் அருகே அமைந்துள்ளது. அதன் கர்நாடகப் பகுதியில் 2024ஆம் ஆண்டு இறுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோலார் மாவட்டத்தில் விளையும் தக்காளி லாரிகளில் வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்கிறது. வண்டி வழியில் நின்றால் தக்காளி அழுகும். உழவரும் வணிகரும் ஓட்டுநரும் இழப்படைவர். எனினும், அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு.

பின்னால் வரும் ஆபத்து

தக்காளி ஏற்றிய லாரி ஒன்று இரவில் பழுதாகி நிற்கிறது எனக் கொள்வோம். டயர் வெடித்திருக்கலாம், ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம், ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் குறைந்திருக்கலாம். பல லாரிகளில் காற்றழுத்தமே பின்சக்கரப் பிரேக்கின் வலிய சுருள்வில்லை விலக்கி வைத்திருக்கிறது. காற்று கசிந்துவிட்டால் வில் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பத்துப்பேர் தள்ளினாலும் வண்டி நகராது; நின்ற இடத்திலேயே நிற்கும்.

பழுதினால் உயிர் போவதில்லை. நிற்கும் வண்டியைக் காணாமல் பின்னால் வந்து மோதும் வண்டியாலேயே உயிர் போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி ஆகுமாயின், அதற்குள்ளேயே 44 மீட்டர் கடந்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி முழுமையாக நிற்க மேலும் 50 மீட்டரேனும் வேண்டும். ஈரச்சாலையில் இத்தொலைவு இன்னும் மிகும். ஆகவே, லாரிக்குப் பத்தடி பின்னால் வைக்கும் எச்சரிக்கை பயன்படாது. 100 மீட்டருக்குக் குறையாத தொலைவில் அது இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

பழுது நேர்ந்தவுடன் ஜாக்கியைத் தேடுவது முறையன்று. முதலில் வண்டியை இயன்றவரை இடப்புற ஓரத்தில் நிறுத்தி, நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் எரியவிட வேண்டும். பின்பு, ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்புறத்தில் தொலைவில் வைக்க வேண்டும். வண்டியில் வந்தவர்கள் சாலைத்தடுப்புக்கு அப்பால் நின்றுகொள்ள வேண்டும். அதன் பின்னரே உதவிக்கு அழைக்க வேண்டும்.

முக்கோணம் இல்லாத ஓட்டுநர்கள் கற்களையும் மரக்கிளைகளையும் சாலையில் வைப்பதைப் பலமுறை கண்டிருப்போம். பழுது நீங்கியதும் லாரி போய்விடும். கற்கள் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரர் இருளில் அவற்றின்மீது ஏறி விழுவார். தன்னைக் காத்த கல் பிறரைக் கொல்லலாகாது. வைத்தவரே அகற்றுதல் கடமை.

தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்னும் கட்டணமில்லா எண் இரவும் பகலும் இயங்குகிறது. இவ்வெண்ணை அழைத்தால் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், வண்டியை இழுத்துச் செல்லும் கிரேன் ஆகியவற்றின் உதவியைப் பெறலாம். அழைப்பவர் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “பெரிய புளியமரத்தின் பக்கத்தில்” என்றால் எவர்க்கும் விளங்காது. தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல் மஞ்சள் தலையுடையது. அதிலுள்ள எண்ணையும், வண்டி செல்லும் திசையையும், சாலையை மறித்து நிற்கிறதா என்பதையும் சொன்னால் உதவி விரைந்து வரும். எவரேனும் காயமுற்றிருந்தால் அதையே முதலில் கூற வேண்டும்.

அஞ்சாமல் உதவுவோம்

விபத்தில் சிக்கியவரைத் தொட்டுத் தூக்கினால் வழக்கில் அலைய நேரும் என்னும் அச்சம் மக்களிடையே நெடுங்காலம் இருந்தது. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு கட்டாயத்தன்மை அளித்தது. 2019ஆம் ஆண்டு திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது. அவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்தை அச்சட்டம் பொன்னான நேரம் எனக் குறிக்கிறது. அந்நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

பொன்னின் பெயர் தாங்கிய ஊர் நம்முடையது. இங்குள்ள சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டிருந்தன. 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. நிலத்தடியில் பாறை வெடித்தபோது உடன் உழைத்தவரின் கை உதவிக்கு வந்தது. அன்று ஆழத்தில் நீண்ட கை இன்று சாலையோரத்திலும் நீள வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
உமணர் – உப்பு வணிகர்
சேமம் – பாதுகாப்பு
தகடூர் – இன்றைய தருமபுரி
வழிப்போக்கர் – வழியில் செல்வோர்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. உமணர் சேம அச்சைக் கொண்டு சென்றதன் காரணம் யாது?
2. 1033ஐ அழைப்பவர் கூற வேண்டிய செய்திகள் யாவை?
3. காற்று கசிந்த லாரியைத் தள்ள இயலாதது ஏன்?

ஆ. பத்தி அளவில் விடை தருக.
1. சேம அச்சு, சுமைதாங்கி ஆகிய இரண்டும் உணர்த்தும் உதவிகளை இன்றைய சாலையோடு ஒப்பிட்டு எழுதுக.
2. ‘தன்னைக் காத்த கல் பிறரைக் கொல்லலாகாது’ – விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
நெடுஞ்சாலை, வழிப்போக்கர், மற்றோர், முன்னெச்சரிக்கை

ஈ. கணக்கிடுக.
மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு நொடிகளில் எத்தனை மீட்டர் கடக்கும்?

உ. செயல்பாடு
உங்கள் பகுதியில் வாழும் லாரி ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்து, வழியில் வண்டி நின்றபோது அவருக்கு உதவியவர் யார், எவ்வாறு உதவினார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.