மூன்றாவது வரிசையில் ஒரு பையன்

போடி,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ கொடுத்தனுப்பிய கடிதம் நேற்றுச் சாயங்காலம் குரங்கணி பஸ்ஸில் வந்து இறங்கிய உன் தோழி கையால் கிடைத்தது. உன் பாட வீடியோவையும் அவளே தன் போனிலிருந்து என் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அடுப்படியில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். உன் கடிதத்தில் நீ யார்மேல் அவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறாயோ அந்தப் பெண் இவள்தான் என்பது, அவள் போன பிறகு கடிதத்தைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

உன்னோடு ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் ஐந்து பேர் உன் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பின்னூட்டத் தாள் நிரப்பியிருக்கிறார்கள். நாலு பேர் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும், ‘திரையை நம்பியே பாடம் நடந்தது, வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டாள். அந்த ஒரு வரி உன்னை ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. அதோடு, சிக்னல் இல்லாமல் படம் பாதியில் நின்றுபோனதால், இனி அந்தப் புரொஜெக்டர் பக்கமே போகமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது தாயி, கொஞ்சம் பொறுமையாகப் படி.

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை உன்னைத்தான் பார்த்தேன். என் தம்பி மகள் சேலை கட்டிக்கொண்டு வகுப்பில் நிற்பதைப் பார்க்கும்போது வேறெதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாவது முறை திரையைப் பார்த்தேன். படம் நல்ல படம்தான். கடல், சூரியன், மேகம், மழை என்று அம்புக்குறி போட்டு அழகாக ஓடுகிறது. மூன்றாவது முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து, பிள்ளைகளை மட்டும் பார்த்தேன்.

பதினொன்றாவது நிமிடத்துக்குப் போ. ‘தண்ணீர் ஆவியாவதை எங்கெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறாய். துணி காய்வது, சோறு கொதிப்பது என்று முன் வரிசையிலிருந்து பதில் வருகிறது. அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. நீ மடிக்கணினியின் மேல் குனிகிறாய். அப்போது மூன்றாவது வரிசையில், சன்னலோரம், சட்டைக் கைப்பொத்தான் இல்லாத ஒரு பையன் மெதுவாகச் சொல்கிறான்: ‘ஸ்டோர்ல காய் காயப் போட்டா கண்ணாடியில தண்ணியா வடியும் டீச்சர்.’ பக்கத்துப் பெண் திரும்பி அவனைப் பார்க்கிறாள். ‘ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்’ என்கிறாய் நீ. அவன் இன்னொரு முறை சொல்கிறான், இந்த முறை குரல் இன்னும் இறங்கிவிட்டது. பிறகு பேனா மூடியால் பெஞ்சைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டான். பாடம் முடியும்வரை தலையைத் தூக்கவில்லை.

நீ அவனைக் கேட்கவில்லை. கேட்டும் விட்டுவிட்டாய் என்று நான் சொல்லவில்லை, உன் காதில் விழவே இல்லை.

அவன் என்ன சொன்னான் என்று யோசித்துப் பார். நம் ஊரில் ஏலக்காய் ஸ்டோர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பச்சைக்காயை உள்ளே பரப்பிச் சூடு ஏற்றுவார்கள். பச்சைக்காயில் 100-க்கு 80 பங்கு ஈரம்தான். காய்ந்து வரும்போது 10 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ காய்ந்த காய் மிஞ்சும். மீதி நாலு கிலோ எங்கே போனது? அதைத்தான் அவன் சன்னல் கண்ணாடியில் வடியப் பார்த்திருக்கிறான். ஆவியாவதை மட்டும் நீ கேட்டாய். அவனோ ஆவியானது குளிர்ந்து திரும்பவும் தண்ணீர் ஆவதையும் சேர்த்து, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். உன் பாடத்தின் இரண்டாம் பாதி அது. இன்னும் மூன்று காட்சி தள்ளி நீ காட்ட இருந்தது. அவன் அப்பாவோ அம்மாவோ ஸ்டோரில் இராவேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். அவன் அங்கேயே சாக்கில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

இப்போது அந்த ஐந்து தாள்களையும் எடுத்து வைத்துப் பார். ஐந்திலும் அந்தப் பையன் இல்லை. ‘மிக நன்று’ எழுதிய நாலு பேரும் உன்னைப் பார்த்தார்கள். குறை எழுதியவள் உன்னையும் திரையையும் பார்த்தாள். பிள்ளைகளை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அவள் எழுதியதில் இருக்கும் வருத்தம் அவள் குறை சொன்னாள் என்பதில் இல்லை. ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு நீ நாளைக்கு என்ன செய்வாய்? எந்தப் பெஞ்ச், எந்த நிமிடம், எந்தப் பிள்ளை என்று அவள் எழுதியிருந்தால் அது உனக்குக் கைமுதல். புகழ்ந்தவர்கள் எழுதியதும் அதே மாதிரி வெறும் தாள்தான்.

நாங்கள் பி.எட். படித்த காலத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் புதிதாக வந்திருந்தது. நீயும் படித்திருப்பாய், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1963 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. அப்போதுதான் வந்திருந்த வீடியோ டேப் கருவியை வகுப்பில் வைத்து, பயிற்சி ஆசிரியர் நடத்திய சிறு பாடத்தை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். ஆக, கருவியும் பின்னூட்டமும் அன்றைக்கே ஒரே தொட்டிலில் பிறந்தவை. நம் நாட்டுக்கு வந்தபோது கல்லூரிகளில் அந்தக் கருவிக்கு வழியில்லை. அதனால் கேமராவின் இடத்தில் கூடப் படிக்கிறவர்களை உட்கார வைத்தார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம். மொத்தம் 36 நிமிடம். இதில் அந்த 12-ஐக் கவனி. குறை கேட்க 6, கேட்டதை வைத்து யோசிக்க அதைப்போல் இரண்டு மடங்கு. உனக்கு யாரும் அந்த 12 நிமிடத்தைக் கொடுக்கவில்லை. தாளைக் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். யோசிக்க இடம் கிடைக்காத குறை மனசில் தங்கிப் புண்ணாகத்தான் செய்யும்.

எனக்குக் கிடைத்த பின்னூட்டம் ஒன்று நாற்பது வருஷமாக மறக்கவில்லை. என் வகுப்பைப் பார்க்க வந்த தோழி கையில் ஒரு தீப்பெட்டி நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தாள். நான் முன் வரிசையைக் கேள்வி கேட்டால் ஒரு கொட்டையை வலப்பக்கம் வைப்பாள், பின் வரிசை என்றால் இடப்பக்கம். பாடம் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் கைக்குட்டையை விரித்து இரண்டு குவியலையும் காட்டினாள். வலப்பக்கம் பதினான்கு. இடப்பக்கம் ஒன்று. அந்த ஒன்றும், ‘அங்கே என்ன பேச்சு?’ என்று நான் கேட்டதுதான். எனக்குக் கோபம் வரவில்லை தாயி. கோபப்பட அதில் எதுவுமே இல்லை, கொட்டைதான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பின் பெஞ்சைக் கேட்காமல் நான் ஒரு பாடத்தையும் முடித்ததில்லை.

அதனால் அடுத்த முறை உன் தோழியைப் பின்னால் உட்கார வைக்காதே. முன்னால், கரும்பலகை ஓரமாக, பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போடு. யார் பேசினார்கள், யார் பேச வாயெடுத்து அடங்கினார்கள், யார் எழுதவே இல்லை, இதை மட்டும் எழுதச் சொல். வீடியோ எடுத்தாலும் போனை அதே இடத்தில் வை. நீ நன்றாக நிற்கிறாயா, சேலை மடிப்பு சரியாக இருக்கிறதா என்பதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். ஒன்று கண்டிப்பு. தலைமையாசிரியரிடம் கேட்காமல் எடுக்காதே. எடுத்ததை ஸ்டேட்டஸில் வைக்காதே, பார்த்து முடித்ததும் அழித்துவிடு. நானும் இந்தக் கடிதத்தை முடித்ததும் என் போனில் இருக்கும் வீடியோவை அழித்துவிடுவேன். ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொல்வது அந்த வகுப்புக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

இனி அந்தப் புரொஜெக்டர். அதைக் கோபித்துக்கொண்டு மூலையில் வைப்பதால் யாருக்கு லாபம்? நீ ஏறிப்போகும் மலைச்சரிவு கருவிகளுக்குப் புதுசு இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே கம்பி வழியாகத் தேயிலைப் பெட்டி இறங்கியது. சென்ட்ரல் ஸ்டேஷன் என்று மலைநடுவில் ஓர் ஊர் இருக்கிறதே, ரயிலைப் பார்க்காத ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அந்தக் கம்பிப் பாதையால்தான். 1924 வெள்ளம் மேலே டாப் ஸ்டேஷன்வரை வந்த குண்டளை ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. கருவி போனது, ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அந்த ஊர்களிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் உன் வகுப்பில் இருந்தால் கேட்டுப் பார், அவர்கள் தாத்தாமார் சொன்ன கதை ஏதாவது இருக்கும். வெளியூர்க்காரர்களுக்குக் குரங்கணி என்றால் 2018 மார்ச் மாதக் காட்டுத்தீ ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. நீ அந்த ஊரை அதன் பிள்ளைகளை வைத்துத் தெரிந்துகொள்ள வாய்த்தவள்.

உன் அப்பா வேலை பார்க்கும் ஏலக்காய் ஏலத்தையே எடுத்துக்கொள். 2007-இல் அது கணினிக்கு மாறியது. அதற்கு முன் வாயால் கேட்ட விலை இப்போது திரையில் ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரிக்காய் வியாபாரி முன்னால் வந்தாக வேண்டும். அவர் அதை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, பச்சை நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்துகிறார். கண் திரையில், கை காயில். சின்ன வயசில் அப்பாவோடு போய் நீயும் பார்த்திருக்கிறாய். வகுப்பிலும் அப்படித்தான். படம் ஓடட்டும், உன் கை பிள்ளைமேல் இருக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, பிள்ளைகளுக்கு மிகவும் உதவிய கருவி என்று கேட்டால் செயல்வழிக் கற்றலோடு வந்த கீழ்மட்டக் கரும்பலகையைத்தான் சொல்வேன். சுவரைச் சுற்றித் தரையிலிருந்து பிள்ளை உயரத்துக்குக் கறுப்பு வர்ணம், அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். யார் என்ன எழுதுகிறார்கள் என்று நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளை பார்த்து, ‘ஏய், கால் போட மறந்துட்ட’ என்று சொல்லிவிடும். சகமாணவர் பின்னூட்டம் என்று நீங்கள் படிப்பது இதுதானே. எந்தக் கருவி வந்தாலும் இந்தச் சுவரோடு வைத்து எடை போடு. அது உனக்குப் பிள்ளையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

சிக்னல் பிரச்சினை பெரிய விஷயமில்லை. பாடப்புத்தகத்தில் 2018-இலிருந்து கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. அதில் வருவதை முதல் நாளே சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு போ. படம் நின்றால் எந்தக் கேள்வியைக் கேட்டு வகுப்பை நகர்த்துவது என்று பாடத்திட்டத்தின் ஓரத்தில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வை. அந்த வட்டம் சுற்றிய இரண்டு நிமிடத்தில் நீ நிமிர்ந்திருந்தால் பாடம் அந்தப் பையன் வாயிலிருந்து வந்திருக்கும். படத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

உன் தோழியைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்படியில் உட்கார்ந்து அவள் என்னிடம் கேட்டது, ‘அத்தை, அவ எப்படிப் பிள்ளைங்ககிட்ட அவ்வளவு சிரிச்ச முகமா இருக்கா? எனக்குக் கை நடுங்குது’ என்றுதான். தாளில் அதை எழுத அவளுக்குத் தெரியவில்லை. தாளில் அதற்குக் கட்டமும் இல்லை. அடுத்த வாரம் அவள் பாடம், நீ பார்க்கிறாய். பழி தீர்க்க வேண்டாம். ‘மிக நன்று’ என்று எழுதித் தப்பிக்கவும் வேண்டாம். அவள் வகுப்பில் முன்னால் உட்கார்ந்து, நாலு பிள்ளைகளைப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடு. பிறகு பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, 12 நிமிடம் அவளோடு உட்கார்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு, அடுத்த முறை வகுப்புக்குப் போனதும் வருகைப்பதிவு எடுத்த கையோடு அந்தப் பையனிடம் போ. வெள்ளிக்கிழமை அவன் சொன்னது உன் காதில் விழவில்லை, இப்போது திரும்பச் சொல் என்று எல்லார் முன்னாலும் கேள். அவன் சொல்ல மாட்டேன் என்று தலையைக் குனிந்தால் விட்டுவிடாதே, மறுநாளும் கேள். சொன்னால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மற்ற பிள்ளைகளிடம் அவனையே கேட்கச் சொல். நீ சன்னலோரம் போய் நின்றுகொள்.

அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று அத்தைக்கு எழுது. உன் தோழி சனிக்கிழமை பஸ்ஸில்தான் வருவாளாம், அவள் கையிலேயே கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை