தேதி சொல்லுங்கம்மா

எக்ஸ்ரே அறையில் 23 வருடம் நின்றிருக்கிறேன். நெஞ்சில் மாட்டிய டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, என் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஐந்து வருடச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது; எந்த வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு வைத்த வரம்பு அது. மேசையில் படுக்கும் நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. நோய்க்குத் தேவையென்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தேவைதானா, இன்னும் குறைந்த அளவில் முடியுமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். அவருக்குக் காவல், பட்டனை அழுத்துமுன் நாங்கள் கேட்கிற கேள்விதான்.

அந்தக் கேள்வியையே தப்பாகக் கேட்டவன் நான். "முருகனா?" என்று குரல் கொடுத்தேன். ஒரு பெரியவர் தலையாட்டிக்கொண்டு வந்தார். இடுப்புக்கு இரண்டு படம் எடுத்து முடித்தபோது இன்னொருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, முருகன்னு கூப்டீங்களா? டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றார். உள்ளே இருந்தவருக்குக் காது மந்தம். வந்தது நெஞ்சுப் படத்துக்கு. மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதி, பெரியவரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு பெயரை நான் சொல்வதில்லை. "உங்க பேர் என்னங்க? எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க." இடது வலது குழப்பமும் இதில் பாதி தீர்ந்துவிடும்.

பெண்களிடம் கேட்பது இன்னும் பக்குவமான வேலை. "மாசமா இருக்கீங்களா?" என்றால் "இல்லை" என்று உடனே வரும். பக்கத்தில் மாமியார் நின்றால் இன்னும் வேகமாக வரும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸ் அக்காவை விட்டுக் கேட்கச் சொல்வேன்: "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க? தேதி சொல்லுங்கம்மா." விரல் விட்டு எண்ணும்போதுதான் பலருக்கு நாள் தள்ளிப்போனதே நினைவுக்கு வருகிறது. கல்யாணம் ஆகாதவர்களிடமும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

தெரியாமல் எடுத்துவிட்டால் பயமுறுத்தவும் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த ஒரு பெண், கருவைக் கலைத்துவிடு என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக அழுதுகொண்டு வந்தார். அந்தப் படத்தில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேகூட இருக்காது. 100-க்குக் கீழே என்றால் அதைக் காரணம் காட்டிக் கலைக்கக் கூடாது என்பது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. டாக்டரிடம் அழைத்துப் போய் உட்கார வைத்தோம்.

குழந்தையைப் பிடிக்க ஊழியர்கள் நிற்கக் கூடாது. அப்பாவுக்கு ஈயக் கவசம் மாட்டி நிறுத்துங்கள். அந்தக் கவசத்தை மடித்து வைக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும்.

டிஜிட்டல் வந்ததில் ஒரு கெடுதல் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது எவ்வளவு கூட்டினாலும் படம் பளிச்சென்றே வருகிறது. குறைத்தால்தான் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. அதனால் கை தானாகவே கூட்டி வைக்கப் பழகிவிடுகிறது. பெரியவருக்கு வைத்த அளவிலேயே குழந்தைக்கும் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் வயிற்று சிடிக்குச் சீட்டோடு ஒருவர் வந்தார். "பழைய படம் ஏதாவது இருக்கா?" என்றேன். இரண்டு நாள் முன்பு வேறு ஊரில் எடுத்த அதே ஸ்கேனைக் கட்டைப்பையிலிருந்து எடுத்தார். நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது அரிது. இது சுமார் 8. டாக்டருக்கு போன் போட்டேன். "நான் எழுதினா எடுக்க வேண்டியதுதானே" என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "சரிப்பா, அந்தப் படத்தையே மேல அனுப்பு" என்றார்.