மாத்திரையின் நிறம்

கோவண்டியில் எங்கள் சந்தில் ஓர் அத்தை இருக்கிறார். காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கிய இரண்டாம் நாளே, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகக் கண்டு, இரத்தமென்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்தியல் பயிலும் எனக்கு அதைச் சொன்னதோ ஒரு மாதங்கழித்து!

நண்பர்களே, அது ரிபாம்பிசின் மருந்தின் சொந்த நிறம். வியர்வையிலும் கண்ணீரிலுங்கூட வரும், தீங்கில்லை. உடன் தரும் ஐசோனியசிட், கிருமி தன் மேலுறையைக் கட்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் நம் உடலிலுள்ள பி6 உயிர்ச்சத்தையும் அது குறைத்துவிடுவதால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். பைரிடாக்சின் என்னும் சிறு மாத்திரையைச் சேர்ப்பது இதற்காகவே. வெறும் சத்து மாத்திரைதானே என்று அதை ஒதுக்குவாரும் உளர்.

அஞ்ச வேண்டியது வேறு. கண் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ ஈரல் நலிகிறதோ என்று ஐயுற வேண்டும்; அன்றே மருத்துவரிடம் செல்க.

காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நிலையம். பெரும்பேறுதான். ஆனால் மாத்திரையை நிறுத்துவதும் வீட்டிலேயே, எவரும் அறியாமல் நடந்துவிடுகிறதே! இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

அத்தையை மீண்டும் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். முடிவு இன்னும் வரவில்லை.